நோட்டீசின் நாலாவது வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மாத்திரை வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஊட்டியில் நீர்ப்பனி தொடங்கிவிட்டது; சீக்கிரமே உறைபனி விழும்.

நகராட்சித் தேர்தல் பேச்சும் கிளம்பிவிட்டது. நம் வார்டில் நிற்கப்போகிற பையன் நேற்று வந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். “படிச்சுப் பாருங்க டீச்சர்” என்று நோட்டீசை நீட்டினான். தலைப்பு ‘பாதுகாப்பான வார்டு’. படிக்கட்டுக்கு விளக்கு, முக்குக்கு முக்கு கேமரா, இரவில் போலீஸ் ரோந்து. நாலாவது வரி: ‘சாலையோரம் தங்குவோர் அப்புறப்படுத்தப்படுவர்.’ அதற்கு அடுத்த வரி குப்பை அள்ளுவதைப் பற்றி.

விளக்கு விஷயத்தில் அவன் சொல்வது நியாயம்தான். மார்க்கெட்டிலிருந்து ஏறும் படியில் இருட்டிவிட்டால் எதிரே நிற்பது காட்டெருமையா, குடித்துவிட்டு நிற்கிற ஆளா என்றே தெரியாது. போன மாதம் ஒருவன் என் பின்னாலேயே வந்தான். வீட்டுக்கு வந்தபிறகும் கை நடுங்கியது. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவன் ஒன்றும் வீடில்லாதவன் இல்லை. பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தவன்.

ரோந்து கவுன்சிலர் கையில் இல்லை, போலீஸ் மாநில அரசின் கீழே. விளக்கு, கழிப்பிடம், இரவுத் தங்குமிடம், இவைதான் நகராட்சி வேலை. மூன்றாவதைப் பற்றி நோட்டீசில் ஒரு எழுத்து இல்லை.

மார்க்கெட் கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் படுக்கிறார். கேரட் அறுவடைக்கு என்று கீழே சமவெளியிலிருந்து வந்தவர். லோடு ஏற்றும்போது மூட்டை காலில் விழுந்து, அதோடு வேலை போயிற்று. கடை திறக்குமுன் சாக்கை நாலாக மடித்து, அட்டையோடு சேர்த்துக் கட்டி, திண்ணையைப் பெருக்கிவிட்டுத்தான் எழுந்து போவார்.

நான் பி.எல்.ஓ.வாக, அதான் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற அலுவலராக, இருந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. வீடில்லாதவருக்கும் ஓட்டு உண்டு. பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6இல் படுக்கிற இடத்தையே முகவரியாக எழுதலாம். பி.எல்.ஓ. ராத்திரியில் போய், அதுவும் ஒரு ராத்திரியோடு விடாமல், அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் இருப்பிடச் சான்று வேண்டாம். அப்பா டார்ச் பிடிக்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெளிச்சம் பட்டதும் ஒரு அம்மா விருட்டென்று எழுந்து மூட்டையைத் தூக்கிவிட்டாள். “போயிடறேம்மா, போயிடறேன்.” நான் கையில் வைத்திருந்தது ஓட்டர் லிஸ்ட்.

சரி, பையனிடம் கேட்டேன், “அப்புறப்படுத்தி எங்கப்பா கொண்டுபோய் வைப்பே?”

“கீழே அனுப்பிடலாம் டீச்சர். புத்தி சரியில்லாதவங்களை போலீஸ்ல ஒப்படைச்சிடலாம்.”

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அப்படித் திரிகிறவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். விழித்தான். வீடற்றோருக்காக மத்திய அரசு 2013இல் திட்டம் போட்டபோது, நகரத்தில் லட்சம் பேருக்கு 100 பேராவது தங்க இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கு வைத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் ஊர் 88,430 பேர். “அப்போ எத்தனை படுக்கை வரும், நீயே போடு கணக்கை” என்றேன். விரல் விட்டு எண்ணினான், பாவம். கணக்கில் அன்றைக்கும் சுமார்தான்.

“எழுதிக் கொடுங்க டீச்சர்” என்றான். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். நோட்டீசில் இருந்த இரண்டு ஒற்றுப்பிழையையும் திருத்தினேன். அவனுக்கு ஓட்டுப் போடுவேனா என்பது அடுத்த நோட்டீசைப் பார்த்த பிறகு. உன் பெயரும் இந்த வார்டில்தான் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது பேசுவோம்.

அப்புறம், சாம்பல் நிற ஸ்வெட்டரைக் காணோம் என்று அப்பா உன்னிடம் போனில் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. அது மார்க்கெட் திண்ணையில் இருக்கிறது.

அம்மா