கேஸ் கேள்விக்கு மனப்பாடம் கைகொடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் நோய்க்குறியியல் பாடத்தை வரி விடாமல் ஒப்பிக்கும் மாணவர்கள்கூட கேஸ் கேள்வியில் தடுமாறுகிறார்கள். அங்கே நோயின் பெயர் இருக்காது; அறிகுறிகளும் எண்களும்தான் இருக்கும்.

ஒரு கேஸைப் பார்ப்போம். 19 வயதுப் பெண், இரண்டு நாளாக வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு. சர்க்கரை 480, சோடியம் 130, குளோரைடு 94, பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் உப்பு) 10, பொட்டாசியம் 5.6. மூச்சை மட்டும் பார்த்து நிமோனியா என்று எழுதுபவர்கள் உண்டு. முதலில் கழித்துப் பாருங்கள். சோடியத்திலிருந்து குளோரைடு, பைகார்பனேட் இரண்டையும் கழித்தால் ஆனயன் கேப், அதாவது கணக்கில் வராத அமிலத்தைக் காட்டும் இடைவெளி, 26. வழக்கமாக 12 அளவில் இருப்பது. ரத்தத்தில் ஏதோ அமிலம் சேர்ந்திருக்கிறது. இந்தச் சர்க்கரை அளவில் முதல் சந்தேகம் கீட்டோன்; இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம். அதை ஈடுகட்டத்தான் நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வாரி வெளியேற்றுகிறது.

பலரும் கோட்டைவிடுவது பொட்டாசியத்தில். 5.6 என்றதும் ‘குறைக்க வேண்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். இன்சுலின் இல்லாததாலும் சர்க்கரை மிகுந்த ரத்தம் செல்களிலிருந்து நீரை இழுப்பதாலும் உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கிறது. சிறுநீரிலும் ஏராளமாகப் போயிருக்கும். உடலின் மொத்த இருப்பு குறைவுதான். இன்சுலின் ஏற்றியதும் பொட்டாசியம் செல்லுக்குள் திரும்பி, ரத்தத்தில் மளமளவென்று இறங்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் அதை ஏற்றிய பிறகே இன்சுலின் தொடங்குவது இதனால்தான்.

விடையை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பழகுங்கள்: ஒவ்வொரு எண்ணும் ஏன் மாறியது, உடல் எப்படி ஈடுகட்டுகிறது, சிகிச்சை கொடுத்தால் எந்தப் பக்கம் நகரும். விளக்கத்தை முதலிலேயே படித்துவிட்டால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும், தேர்வில் வராது. பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்றியோ புதிதாகச் சேர்த்தோ பாருங்கள். பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினால், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் இங்கே 23-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 36 என்று கொடுத்திருந்தால்? அந்தப் பெண் மூச்சுவிட்டே களைத்துப்போகிறாள், அல்லது நுரையீரலிலும் கோளாறு இருக்கிறது. இரண்டுமே ஆபத்து.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உள்மதிப்பீட்டுத் தேர்வில் ‘சிறுகுறிப்பு வரைக’ கேள்விகளைக் குறைத்து, பரிசோதனை எண்களோடு கேஸ் கொடுங்கள். விடைத்தாளில் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், மாணவரின் காரண விளக்கம் எந்த வரியில் பிசகியது என்று குறித்துத் திருப்பிக் கொடுங்கள்.

நோய்க்குறியியல் ஆசிரியர்,
மதுரை.