செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூச ரதத்துக்குக் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ சாலையில் வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதிய மாணவர்களுக்குப் பரிசளிப்பு, தீபாவளி விருந்து இரண்டும் நல்லபடியாக நடந்தன. மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு மரண சகாய நிதி தாமதமின்றிக் கொடுக்கப்பட்டது.

இனி, நிர்வாகத்தில் செய்த மாற்றங்கள். குறை சொன்னவர்கள் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

செந்தூல் ரயில்வே பட்டறையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தொடங்கிய சங்கம் இது. அப்போது எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஞாயிறு காலை வீடு வீடாகப் போனால் சந்தா வந்துவிடும். இன்று பாதிப் பேர் ரவாங், காஜாங் என்று வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். பழைய முறையில் ஓட்ட முடியாது என்பதில் செயலவையில் யாருக்கும் சந்தேகமில்லை. எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் இழுபறி. திருப்பிக்கொள்ளக்கூடிய முடிவுகளை முதலில் எடுப்போம், மற்றதைப் பொதுக்கூட்டத்துக்கு விடுவோம் என்று நான் சொன்னேன். சந்தாவை டூயிட்நவ் என்னும் மின்னியல் பணமாற்று வழி வாங்குவதும், செயலவைக் கூட்டத்தைக் கூகுள் மீட்டில் இணையம்வழி நடத்துவதும் சரிவராவிட்டால் மறுமாதமே பழையபடி மாற்றிக்கொள்ளலாம். அவற்றை மூன்று மாதச் சோதனையாகத் தொடங்கினோம். மரண சகாய நிதியின் விதிகளில் கைவைக்கவில்லை. அது உங்கள் பணம்.

சோதனை முடிவதற்குள், ரசீது கைக்கு வராமல் மனசு கேட்கவில்லை என்று மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். நியாயம்தான். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் மண்டபத்தில் ரொக்கமும் வாங்க ஏற்பாடு செய்தோம். இதைத்தான் சிலர் ‘நிலையில்லாத நிர்வாகம்’ என்றார்கள். சோதனைக் காலம் என்று முதல் சுற்றறிக்கையிலேயே எழுதியிருந்தோம். உறுப்பினர் சொல்வதைக் கேட்டுத் திருத்தத்தானே சோதனை வைத்தோம்?

சட்டவிதித் திருத்தம் மட்டும் நிற்கிறது. சென்ற பொதுக்கூட்டத்தில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து ஒத்திவைத்தோம். மறுபடி கூடியபோதும் அதே நிலை. நமது விதிப்படி, ஒத்திவைத்த கூட்டத்தை வந்தவர்களை வைத்தே நடத்தலாம். ஆனால் சட்டவிதியைத் திருத்த அதற்கு அதிகாரமில்லை. கூட்டம் திருத்தினாலும் சங்கப் பதிவிலாகா ஒப்புதல் தந்த பிறகே அது செல்லும். ஆகவே, வெளியே குடிபோனவர்களின் பிள்ளைகளையும் உறுப்பினராக்கும் திருத்தம் ஓராண்டு தள்ளிப்போனது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரவு பன்னிரண்டு மணிக்குக் கருத்து எழுதுகிறவர்கள் அந்த ஞாயிறு நேரில் வந்து கை தூக்கியிருந்தால் இது நிறைவேறியிருக்கும். எனக்கு இதில் மிகுந்த வருத்தம்.

சந்தா பாக்கியும் அப்படியே. சிலர் இரண்டு ஆண்டுகளாகக் கட்டவில்லை. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. அந்தச் சந்தாவில்தான் மரண சகாய நிதி நிற்கிறது என்பதை அவர்கள் வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

வரவு செலவு திருப்திகரமாக உள்ளது. கணக்காய்வாளர்கள் பார்த்து ஒப்பமிட்டுவிட்டார்கள்; விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டு விவரங்களைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். எனவே கேள்வி இருந்தால் இன்றே கேளுங்கள்.

மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்துக்கும், நன்கொடையாளர்களுக்கும், சமையலில் உதவிய மகளிர் பிரிவுக்கும் நன்றி.

அப்புறம், அடுத்த ஆண்டு. உறுப்பினர் பட்டியல், பதிவிலாகாவின் ஈரோசஸ் இணையத்தளப் பதிவேற்றம், வங்கிக் கடிதங்கள் எல்லாம் இப்போது என் ஒருவர் கையில் இருக்கின்றன. இது சங்கத்துக்கு நல்லதல்ல. துணைச் செயலாளர் பதவி காலியாகவே உள்ளது. இன்றைய தேர்தலில் இளையவர் ஒருவர் முன்வந்தால், ஓராண்டு பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். யாரும் வராவிட்டால், இந்தப் பொறுப்பில் தொடர்வேன் என்று என்னால் உறுதி தர முடியாது.

செயலாளர்