கேட்ஸ் கோவ் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்குப் போய் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவில் கூடாரம் போடப் போகிறாய், அதுவும் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஒன்றே ஒன்று சொல்கிறேன்: காரில் உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே.

அங்கே 11 மைல் சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது, ஒருவழிப் பாதை. ஒரு கரடி தலைகாட்டினால் போதும், முன்னால் போகிறவர் நிறுத்துவார், பின்னால் மொத்த வரிசையும் நிற்கும். மே தொடக்கத்திலிருந்து செப்டம்பர் கடைசிவரை புதன்கிழமைகளில் வண்டிகளை விடுவதில்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். ஜூனில்தானே போகிறாய், செவ்வாய் இரவு அங்கே தங்குவதுபோல் திட்டமிடு. முழுச் சுற்று குழந்தைகளுக்கு முடியாவிட்டால் ஸ்பார்க்ஸ் லேன், ஹயாட் லேன் இரண்டும் குறுக்கே வெட்டிப் போகும்.

முகாமில் 159 இடங்கள். ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும், கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். கழிவறை உண்டு, குழாயில் குளிர்ந்த நீர் வரும். குளியலறை கிடையாது, கூடாரத்துக்கு மின் இணைப்பும் கிடையாது. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, வெளியே டவுன்சென்ட் ஊரிலேயே நிரப்பிக்கொள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் முகாமுக்கு வெளியே எங்கேயாவது 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் அனுமதிச் சீட்டு வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15.

விறகை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதே. மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு ஒட்டி வரும் என்பதால், வெப்பமூட்டிச் சான்றளித்த கட்டுகளை மட்டுமே உள்ளே விடுவார்கள். பூங்காவில் தானாகக் காய்ந்து விழுந்த கட்டையைப் பொறுக்கி எரிக்கலாம். சாப்பாடு, ஐஸ் பெட்டி, பற்பசை, சோப்பு வரை வாசனை உள்ள எதையும் கூடாரத்தில் வைக்காமல் கார் கண்ணாடியை ஏற்றிப் பூட்டி உள்ளே வை. ஒருமுறை மேசையில் ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி வரும், கடைசியில் அதன் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கரடி கண்ணில் பட்டால் குறைந்தது 50 கெஜம் தள்ளியே நில்.

இனி, அங்கே குடியேறியவர்கள் அந்தக் காலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள். ஜான் ஆலிவர் வீட்டில் உள்ளே போகும் முன் வெளி மூலையில் நின்று கட்டைகள் சேரும் இடத்தைப் பார். வெட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கும். மழைநீர் பொருத்தில் தேங்காமல் வழிந்துவிடும், அதனால் மூலை உளுக்காது. மேலே இருக்கும் கட்டைகளின் பாரமே கீழே இருப்பவற்றைக் கவ்விப் பிடிக்கிறது, ஆணி தேவையில்லை. கட்டைகளுக்கு இடையே மண் பூசியிருக்கும். சுவரில் சிலர் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அந்த ஜான் ஆலிவரும் மனைவியும் குடியேற வந்தது 1818 வாக்கில். அந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் கொடுத்த உலர்ந்த பூசணிதான் முதல் குளிர்காலத்தில் அவர்கள் உயிரைக் காத்தது என்பார்கள். 1819 ஒப்பந்தத்தில் அந்த மண் செரோக்கிகளின் கையைவிட்டுப் போனது. சுற்றிலும் மலை இருக்க, அங்கே மட்டும் மண் அவ்வளவு வளமாக இருப்பதற்குக் காரணம் சுண்ணாம்புக்கல்: மேலே மூடியிருந்த பழைய பாறை அரித்துப்போய் அடியிலிருந்தது வெளிப்பட்டது. 1850இல் 685 பேர் அங்கே வாழ்ந்தார்கள். பிறகு பூங்காவுக்காக அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆலிவரின் வழிவந்த ஜான் டபிள்யூ. ஆலிவர் நீதிமன்றம் வரை போராடித் தோற்று 1937இல் வெளியேறினார். பூங்கா நிர்வாகம் கட்டை வீடுகளைக் காப்பாற்றி, பின்னால் வந்த, அறுத்த பலகைகளால் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டது. அதனால் இன்று கண்ணில் படும் பள்ளத்தாக்கு, மக்கள் விட்டுப்போன நாளில் இருந்ததைவிடப் பழமையாகத் தெரிகிறது. கேபிள் மில் பக்கத்தில் நிற்கும் பெக்கி கேபிள் வீடு, தப்பிய பலகை வீடுகளில் ஒன்று. அதை அவசியம் பார். நீரில் சுழலும் அரவை ஆலையும் அங்கேதான்.

ஏப்ரம்ஸ் அருவிக்குப் போய்வர 5 மைல். அருவி 20 அடிதான், ஆனால் கீழே நீரோட்டம் பொல்லாதது. குளத்தில் யாரையும் இறங்க விடாதே. செல்போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை அச்சிட்டே எடுத்துப் போ. தேதி உறுதியானதும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்