பூக்கா துப்பிய பழங்கள்

அன்புள்ள கமலா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் தீபாவளியையும் கடத்திவிட்டேன். நீ கோபித்துக்கொண்டால் அது நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். அத்தையின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா?

போன வாரம் வேலியோரத்து பிளாக்பெர்ரியை என் மகள் பறித்து வாயருகே கொண்டுபோனபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நவம்பர் பிறந்துவிட்டது, பூக்கா இதன்மேல் துப்பியிருக்கும்" என்றார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். காம்பருகே சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது.

பூக்கா என்பது அயர்லாந்தின் உருமாறும் பேய். கறுப்புக் குதிரையாக வந்து, இரவில் தனியே போகிறவரை முதுகில் ஏற்றிக்கொண்டு காடுமேடெல்லாம் ஓடி, விடியும்போது சேற்றில் தள்ளிவிடுமாம். நம் புளியமரத்துக்காரி எவ்வளவோ தேவலை, இல்லையா? இங்குள்ள விக்லோ மாவட்டத்தில் லிஃபி ஆற்றங்கரையில் பூலஃபூக்கா என்றோர் இடம் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் அது 'பூக்காவின் குழி'. ஒரு காலத்தில் அருவி இரைந்து விழுந்த அந்தப் பள்ளத்தில், 1940இல் அணையில் நீர் தேக்கத் தொடங்கியபின் அந்த இரைச்சல் அடங்கிவிட்டது. ஆனாலும் பெயர் பேயைக் கைவிடவில்லை. கெர்ரி மாவட்டத்தில் உள்ள கிளெனகால்ட் 'பித்தர்களின் பள்ளத்தாக்கு'. அங்குள்ள ஊற்று நீரைக் குடித்து, அதில் முளைக்கும் கீரையைத் தின்றால் சித்தம் தெளியும் என்று நம்பினார்கள்.

1824இல் தொடங்கிய நில அளவையில் இப்பெயர்களை ஆங்கில ஒலிக்கேற்ப எழுதியதால், பொருள் எழுத்திலிருந்து கழன்றுவிட்டது. அந்த அளவையில் வேலை பார்த்த ஐரிஷ் அறிஞர் ஜான் ஓடோனவன் ஊர் ஊராக நடந்து, முதியவர்களிடம் கேட்டு, மூல வடிவங்களைக் குறித்துவைத்திராவிட்டால் எத்தனை பெயர்கள் ஊமையாகியிருக்கும்! 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ ஐம்பதாயிரம் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய நோட்டுகளிலும் பேய்க்கதைகளும் ஊர்ப்பெயர்க் கதைகளும் நிறைந்திருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

காரணம், அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வயது 86, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். அவர் வீட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் உண்டு, எந்த வரைபடத்திலும் அவை இல்லை. சனிக்கிழமைதோறும் நோட்டுடன் போய் உட்காருகிறேன். இதுவரை பதினொன்று எழுதியிருக்கிறேன். ஓடைக்கு அப்பாலுள்ள வயலின் பெயர் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நேற்று அதற்காக அழுதுவிட்டார்.

உன் அன்புள்ள,
மல்லிகா