விச்சர் தோற்றவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் ஜோனதன் விச்சரை, ரோடு ஹில் கொலை வழக்கை வைத்துத் 'தோற்ற துப்பறிவாளர்' என்பது அநியாயம். 1842இல் அங்கே தொடங்கிய துப்பறியும் பிரிவின் முதல் தலைமுறைக்காரர் அவர். 1860இல் இங்கிலாந்தின் ரோடு ஹில் மாளிகையில் குழந்தை சேவில் கென்ட் கொல்லப்பட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் அவரை அனுப்பினார்கள். சலவைக் கணக்கைப் பார்த்தார்: குழந்தையின் அக்கா கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடைகள், ஒன்றைக் காணோம். இரத்தக்கறை பட்டதால் அவளே அதை ஒழித்துவிட்டாள் என்று சந்தேகித்தார். கிடைக்காத துணியை வைத்து வழக்கு எப்படி நிற்கும்? அவசரப்பட்டு அவளைக் கைது செய்தது விச்சரின் பிழைதான். ஆனால் சமையலறை அடுப்பில் கிடைத்த இரத்தக்கறைத் துணியைத் தவறவிட்டு, அதை அவரிடம் மறைத்தது உள்ளூர்ப் போலீஸ். கான்ஸ்டன்ஸ் விடுதலையானாள், வசையெல்லாம் விச்சருக்கு. 1864இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே கான்ஸ்டன்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்