கற்பிப்போரையும் கற்க வைத்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியீர்,

வயதுவந்தோருக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்போருக்கான தொடர் பயிற்சியின் முதல் சுற்று நிறைவடைந்திருக்கும் இவ்வேளையில், அதற்குத் துணைநின்ற அனைவருக்கும், அதில் பங்கேற்ற பயிற்றுநர்கள் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். இப்பணிக்கு வருவோரில் பலர் தன்னார்வலர்கள் அல்லது பகுதிநேரப் பணியாளர்கள். தொடக்கத்தில் ஓர் அறிமுகப் பயிற்சி கிடைப்பதோடு சரி. அதன்பின் அவரவர் பாடு என்று விடப்படுவதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

முதலில், எங்களுக்குப் பயிற்சியளித்த கருத்தாளர்களுக்கு. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெயிரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தபோது, அவர்களுடைய அன்றாட வாழ்விலிருந்தே பாடத்திற்கான சொற்களைத் தேர்ந்தார் என்பதை எங்களில் பலர் முன்பே படித்திருந்தோம். ஆனால் அத்தகைய சொற்களைக் கற்போரின் பேச்சிலிருந்து எவ்வாறு திரட்டுவது, கற்பவர் வாய்மொழியாகச் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதி அதையே அவருக்கு வாசிப்புப் பாடமாக்குவது எங்ஙனம் என்பதையெல்லாம் உரையாற்றி முடித்துவிடாமல், உடனிருந்து செய்து காட்டியவர்கள் நீங்கள்தாம். நாற்பதைக் கடந்தவர் வரிகளில் தடுமாறினால், பாடத்தைக் குறைகூறுமுன் வெள்ளெழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன கண் மருத்துவருக்கும், வாசிப்பில் நீடிக்கும் சிக்கலைச் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள் என்று அறிவுறுத்திய சிறப்புக் கல்வியாளர்களுக்கும் தனித்து நன்றி சொல்ல வேண்டும்.

ஆயினும் இப்பயிற்சியின் உயிர்நாடி பயிலரங்கில் இல்லை. ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து கவனித்ததில்தான் இருந்தது என்பது எங்கள் துணிபு. கவனிக்க வந்த சக பயிற்றுநர்கள் மதிப்பெண் இடவில்லை. கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், யார் ஒரு முறையும் வாய் திறக்கவில்லை, எந்த இடத்தில் கற்போர் தமக்குள் பேசித் தெளிந்தனர் என்று கண்டதை மட்டும் குறித்துத் தந்தனர். எந்தப் பாராட்டுச் சான்றிதழைக் காட்டிலும் அக்குறிப்புகள் எங்களுக்குப் பயன்பட்டன. முன்பின் அறியாத ஒருவர் பார்த்திருக்க எழுத்துக்கூட்டி வாசிப்பது வளர்ந்தவர்களுக்கு எளிதன்று. அதற்கு மனமுவந்து இசைவளித்த கற்போரின் பெருந்தன்மைக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டுள்ளோம்.

வயதுவந்தோர் கல்வி குறித்து 2022இல் மராகேஷ் நகரில் கூடிய ஏழாவது பன்னாட்டு மாநாடு, பயிற்றுநர்களின் தகுதியையும் பணிச்சூழலையும் மேம்படுத்துமாறு வலியுறுத்தியது. பயிற்சி நேரத்தையும் பணிநேரமாகவே கணக்கிட்டு ஊதியம் வழங்க முன்வந்த நிதியுதவியாளர்கள் அதனைத் தாளில் நிற்க விடவில்லை. இடமளித்தோர், கையேடுகளை அச்சிட்டோர், மாலை நேரங்களில் எங்களை விட்டுக்கொடுத்த குடும்பத்தார் ஆகியோருக்கும் எங்கள் நன்றி உரியது.

மனக்கணக்கில் வல்லவராயினும் தாளில் கணக்கிடத் தயங்கும் கற்போருக்கு எண்ணறிவு கற்பிப்பது குறித்து அடுத்த சுற்று அமையவுள்ளது. அதற்கும் தங்கள் வகுப்புகளைத் திறந்துவைக்க இசைந்துள்ள பயிற்றுநர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

இங்ஙனம்,
பயிற்சியில் பங்கேற்ற பயிற்றுநர்கள்