லைக்கா திரும்பி வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

விலங்குகளை வைத்து வரலாறு சொல்லும் படக்கதைகள் சிறுவர்களுக்கு நிறைய வர வேண்டும். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் குழந்தை, 1925-இல் அலாஸ்காவின் நோம் நகருக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைப் பனியில் இழுத்துச் சென்ற நாய்களின் கதையென்றால் அசையாமல் உட்கார்ந்துவிடும். சுமார் 1,085 கிலோமீட்டர், ஐந்தரை நாள்! கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோவுக்குச் சிலையே வைத்தார்கள். மிக நீண்ட, ஆபத்தான கட்டத்தைக் கடந்த டோகோவைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. புகழ் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை ஒரு பிள்ளைக்கு இதைவிட எளிதாக எப்படிக் காட்டுவது?

ஒரு வேண்டுகோள். துயரமான இடங்களை மழுப்ப வேண்டாம். 1957-இல் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் சென்ற லைக்கா என்ற நாயைத் திரும்ப அழைத்துவர எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்துபோனது. அது நட்சத்திரங்களுக்கு நடுவே சிரித்தபடி மிதப்பதாக வரைந்து கதையை முடிப்பது சரியில்லை. உண்மையைச் சொன்னால் குழந்தைகள் அழலாம். அப்புறம் "தெரிந்தே ஏன் அனுப்பினார்கள்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். எது நடந்தது, எது கற்பனை என்று கடைசியில் ஒரு பக்கம் சேர்த்தால், பதில் சொல்ல வேண்டிய பெரியவர்களுக்கும் உதவும். பதிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

– ஒரு வாசகர்